பிறந்த தேதி எதற்கு?



போன மாதம் ஒரு தபால் அட்டை வந்தது. எழுதியவர் நம்முடைய பழைய வாசகி. இந்த முறை சந்தாவைப் புதுப்பிக்கப் படிவத்தைக் கையில் எடுத்தவர், அதை அப்படியே மடித்து வைத்துவிட்டு அட்டையில் எழுதியிருந்தார்: "பெயர் கேட்டீர்கள், சரி. விலாசம் கேட்டீர்கள், புத்தகம் வந்து சேர வேண்டுமே, அதுவும் சரி. நான் பிறந்த தேதி உங்களுக்கு எதற்கு? ஜாதகம் பார்க்கப் போகிறீர்களா?"

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. சந்தாப் பிரிவில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது எல்லாரும் கேக்குறதுதானே சார். சாஃப்ட்வேர்ல அந்தக் கட்டம் இருந்துச்சு, நாமளும் போட்டோம்."

"அதை வச்சு நாம என்ன செய்றோம்?"

"ஒண்ணும் செய்றதில்லை சார்."

"யார் யார் பார்க்கலாம்?"

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். "பாஸ்வேர்டு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும் சார்" என்றார்.

அந்த அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் அந்த வாரக் கடைசியில் வெள்ளகவிக்குக் கிளம்பினேன். அடுத்து வரப்போகும் மலைச் சிறப்பிதழுக்காகச் சாலை இல்லாத ஊர் ஒன்றைப் பார்த்து எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பழனி மலையின் தெற்குச் சரிவில், கொடைக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் நடுவே, காட்டுக்குள் இருக்கிறது வெள்ளகவி. வட்டக்கானலில் வண்டியை நிறுத்திவிட்டு, டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும். அரிசியும் சிமெண்டும் குதிரை முதுகில் போகின்றன. பல ஆண்டுகளாகச் சாலை கேட்டு மனு கொடுத்துக்கொண்டிருந்த ஊர் அது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் இ-பாஸ் எடுத்தேன். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு. மறு வருஷம் கோடையில், கொடைக்கானலுக்கு வார நாட்களில் தினம் 4,000 வண்டி, வார இறுதியில் தினம் 6,000 வண்டி என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். செல்போன் எண், வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறோம் எல்லாம் கேட்கிறார்கள். இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பெருமாள்மலையிலிருந்து மூஞ்சிக்கல் வரை வண்டிகள் அசையாமல் நிற்கும் மே மாத ஞாயிற்றுக்கிழமையை ஒரு தடவை பார்த்தவர்கள் இ-பாஸைத் திட்ட மாட்டார்கள். மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று தெரிய வேண்டுமானால் எண்ணித்தானே ஆக வேண்டும்.

ஆனால் பையில் அந்த அட்டை இருந்ததாலோ என்னவோ, அன்றைக்கு நான் வழியெல்லாம் இறைத்துக்கொண்டே போனவற்றைக் கவனிக்க ஆரம்பித்தேன். சுங்கச்சாவடியில் நிற்காமலே கடந்தோம். எந்த நிமிஷம் கடந்தேன் என்று ஃபாஸ்டேக் குறித்துக்கொண்டது. வத்தலக்குண்டில் டீக்குப் பதினைந்து ரூபாய், பெட்ரோலுக்கு இரண்டாயிரம். இரண்டையும் செல்போனில் கட்டினேன். வழி தெரிந்த டிரைவரை வைத்துக்கொண்டே, பழக்க தோஷத்தில் மேப்பையும் போட்டிருந்தேன். தங்கிய விடுதியில் ஆதார் கேட்டார்கள். நகல் இல்லை என்றதும், வரவேற்பிலிருந்த பையன் தன்னுடைய சொந்த செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டான். அவன் வேலையை விட்டுப் போனால் அந்தப் படமும் அவனோடு போகும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை இணையத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நம் இதழிலேயே ஒரு முறை எழுதியிருக்கிறோம். எழுதியவன் எடுத்து வைக்கவில்லை.

இரவு கம்பளிக்குள் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். என் மனைவிக்குக்கூட நான் வத்தலக்குண்டில் டீ குடித்தது தெரியாது. எத்தனையோ கம்பெனிகளுக்குத் தெரியும். யாரும் என்னை மிரட்டி வாங்கவில்லை. சில்லறை தேட வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம் என்று நானேதான் கொடுத்தேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு கடுகளவு. எல்லாவற்றையும் ஒரே கையில் சேர்த்துப் பார்க்கிறவனுக்கு நான் எப்போது எழுகிறேன், எந்த ஊரில் யார் வீட்டுக்குப் போகிறேன், சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறேனா என்பதெல்லாம் விளங்கிவிடும்.

மறுநாள் காலை இறங்கினோம். இறங்க இறங்கக் குளிர் விலகி, சோலை மரங்கள் போய், காப்பிச் செடிகளும் ஆரஞ்சும் பட்டர் புரூட் மரங்களும் வந்தன. ஊர் எல்லை வந்ததும் கூட வந்தவர் நின்று செருப்பைக் கழற்றினார். வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் முழுக்கக் கோவில்கள். ஊரே சாமி இருக்கிற இடம் என்பது அவர்கள் கணக்கு. வெளியூர்க்காரனுக்கும் அதே விதிதான். ஷூவைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டு, நடை பழகும் குழந்தை மாதிரி ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்துப் போனேன். ஊர்ப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருவர் காப்பிக் கொட்டையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். கடுங்காப்பி வந்தது. கூடவே கேள்விகளும் வந்தன.

"எந்த ஊரு தம்பி?"

"மதுரைங்க ஆத்தா."

"மதுரைல எங்கன?"

சொன்னேன்.

"பிள்ளைக எத்தன?"

"ரெண்டு. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. பையன் இருக்கான்."

"அவனுக்கு என்ன வயசு? இன்னும் பாக்கலையா? என்ன வேலை, சம்பளம் எம்புட்டு?"

எந்தப் படிவமும் என்னிடம் இத்தனை கேட்டதில்லை. மகனுடைய சம்பளத்தை நான் என் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. அந்தத் திண்ணையில் சொல்லிவிட்டேன். பதிலுக்கு நான் கேட்காமலே அவர் கதையும் வந்தது. முழங்கால் வலி, பெரியகுளத்தில் வேலை பார்க்கும் மகன், அங்கே வந்து இருக்கச் சொல்லும் மருமகள், போக மறுக்கும் தன் பிடிவாதம், போன வருஷம் காப்பிக்குக் கிடைத்த விலை. அரை மணி நேரத்தில் இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று அறிந்துகொண்டது.

நாலு வீடு சுற்றிப் பார்த்துவிட்டு ஊரின் மறு கோடிக்குப் போனபோது, குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த இளைஞர் கேட்டார்: "என்ன சார், மகனுக்குப் பொண்ணு பாக்குறீகளாமே?"

நான் நடந்த வேகத்தைவிட என் சங்கதி வேகமாக நடந்திருக்கிறது.

இதை எழுதினால் சில வாசகர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். பார்த்தீர்களா, நம் ஊரில் ரகசியம் என்று எப்போது இருந்தது, தனியுரிமை என்பதே பட்டணத்துக்காரர்கள் கொண்டுவந்த சொல்தானே என்பார்கள். சொல் புதுசுதான், ஒப்புக்கொள்கிறேன். 'அந்தரங்கம்' என்றால் ஏதோ தப்புச் செய்து மறைப்பது போல ஒரு வாடை வந்துவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, சட்டக்காரர்கள் 'தனியுரிமை' என்று எழுதுகிறார்கள். ஆனால் 'வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்' என்று சொல்லாத தமிழ்த் தாய் உண்டா? சங்கதி நமக்குப் புதுசில்லை.

அந்தத் திண்ணைக்கும் என் செல்போனுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரும்பி ஏறும்போதுதான் யோசித்தேன். என் வீட்டுக் கதையை யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போகும் வழியில் அதே திண்ணையில் நின்று, "என்ன ஆத்தா, ஊரெல்லாம் சொல்லிட்டீகளே" என்று கேட்டேன். "ஒரு நல்ல எடம் அமையட்டும்னுதான் தம்பி" என்றார். அவர் என்னை அறிந்த அளவு நானும் அவரை அறிவேன். என் மகனின் சம்பளக் கதையை அவர் விற்க முடியாது. நான் கெட்ட பெயர் வாங்கினால் ஏசுவார், நல்ல பெயர் வாங்கினால் சொல்லிச் சந்தோஷப்படுவார். அவ்வளவுதான் அதன் பயன். போன தீபாவளிக்கு ஒரு கடையில் வேட்டி வாங்கும்போது கொடுத்த நம்பர் எங்கெங்கே போயிற்று என்று யாரிடம் போய்க் கேட்பது? அன்றிலிருந்து மனைக்கட்டு விற்கிறவர், கடன் கொடுக்கிறவர் எல்லாம் என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிவிட்டது. அது தெரிந்தும், பின்னால் வரிசை நிற்கிறதே என்று பத்து இலக்கத்தையும் ஒப்பித்துவிட்டு வந்தவன் நான்.

வெள்ளகவிக்கு இந்த விஷயத்தில் இன்னொரு பழைய சம்பந்தம் உண்டு. 1821-ல் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு என்ற வெள்ளைக்கார நில அளவையாளர் இந்த மலையை அளக்க வந்தார். அதற்கு முன்பு திருவிதாங்கூரை அளந்தவர். அவர் முகாம் போட்டது குன்னுவர் என்ற மலை மக்கள் வாழ்ந்த இந்த வெள்ளகவியில். இங்கிருந்துதான் மேலே ஏறிப் போய்க் கொடைக்கானல் இருக்கிற மேட்டைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் வழி காட்டாமல், தண்ணீர் எங்கே, எந்தப் பக்கம் ஏறலாம் என்று சொல்லாமல் அது நடந்திருக்காது. பாட்டி என்னிடம் கேட்ட மாதிரி அவரும் கேட்டிருப்பார், ஆனால் கேட்டதை நோட்டில் எழுதிக்கொண்டார். நோட்டு மலையிறங்கிப் போயிற்று. கால் நூற்றாண்டுக்குள், 1845-ல், அமெரிக்க மிஷன்காரர்கள் மேலே பங்களா கட்டிவிட்டார்கள். பிறகு ஏரி வந்தது, சாலை வந்தது, பள்ளிக்கூடங்கள் வந்தன, இப்போது எண்ணி வரம்பு வைக்கிற அளவுக்கு வண்டிகள் வருகின்றன. அளக்க வந்தவருக்கு இடம் கொடுத்த வெள்ளகவி, இருநூறு வருஷம் கழித்தும் சாலைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தது.

விவரம் கொடுக்கிறவர் ஒருவர், பலன் அடைகிறவர் இன்னொருவர் என்பது கம்ப்யூட்டர் வந்து ஆரம்பித்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். வார்டு கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். வெள்ளகவியைப் பார்த்து, ஆகா, செல்போன் தொல்லை இல்லாத சொர்க்கம் என்று பெருமூச்சு விடுவது பாவம். பிரசவ வலி வந்தால் அங்கே டோலி கட்டித் தூக்கிக்கொண்டுதான் மலை ஏற வேண்டும். அந்த நேரத்தில் சிக்னல் கிடைக்கிற பாறை எது என்று ஊருக்கே தெரியும். அவர்களிடம் போய், ஆம்புலன்ஸ் நீங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும், அது சரியா என்று கேட்டுப் பாருங்கள். காட்டுக்குள் போகிறவன் பெயரையும் பாதையையும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மலைகள் பக்கத்தில்தான் இருக்கின்றன. வசதி என்பது எனக்குச் சில்லறை தேடாமல் இருப்பது, அவர்களுக்கு உயிர். ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கிறோம், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஏழைக்கு வேண்டாம் என்று சொல்லும் வசதியும் கிடையாது. ரேஷன் கடையில் அரிசிக்கு விரலை வைக்கச் சொல்கிறார்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாமல், துடைத்துத் துடைத்து வைக்கும் பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். 2021-ல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியானதாக ஒரு கணினிப் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது, செய்தித்தாள்களிலும் வந்தது. இரண்டு நாள் பேசினோம். அந்தப் பட்டியலில் யார் பெயர் இருந்தது, அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று அவர்களிடம் யாராவது வீடு தேடிப் போய்ச் சொன்னார்களா?

சட்டம் இல்லாமல் இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி, எண்பது வயதைத் தாண்டியபின் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அதில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். ஆதாரைத் தனியார் நிறுவனங்கள் கட்டாயமாகக் கேட்க வழிவிட்ட பிரிவை மறு வருஷம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்கள் தயாராவதற்குப் பதினெட்டு மாதம் அவகாசம் வேறு. தப்புக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம்.

அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு உதாரணம் இருக்கிறது, எனக்குப் பிடித்தது. வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் செயலியை ஒருவர் இறக்குகிறார். வைத்தியத்துக்காக அவர் விவரத்தைக் கேட்கிறது. கூடவே செல்போனில் இருக்கும் தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி என்று அமுக்கிவிடுகிறார். ஆனாலும் இரண்டாவதற்கான சம்மதம் செல்லாது, வைத்தியத்துக்கு அது தேவையில்லாததால். நம் வாசகி அட்டையில் எழுதிய கேள்வியைத்தான் பாராளுமன்றமும் எழுதி வைத்திருக்கிறது. அரசாங்கம் தனக்கு மட்டும் தாராளமாக விலக்குகள் வைத்துக்கொண்டதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடலாம், போடுவோம்.

இதைவிட எனக்கு மரியாதை ஒரு பழைய சட்டத்தின் மேல். மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 1948. கணக்கெடுக்க வீட்டுக்கு வரும் பள்ளி ஆசிரியரிடம் நீங்கள் சொல்லும் விவரத்தை வெளியாள் யாரும் பார்க்கக் கேட்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் வைக்க முடியாது என்கிறது அதன் 15-வது பிரிவு. கம்ப்யூட்டர் நம் ஊருக்கு வராத காலத்தில் எழுதியது. கேட்கிறவன் எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, வேறு எதற்கும் எடுக்க மாட்டேன் என்று கையடித்துக் கொடுத்த மாதிரி. இப்போது கணக்கெடுப்பே செல்போன் செயலிக்கு மாறுகிறது. அந்தப் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. காகிதக் கட்டைப் பூட்டி வைத்த பீரோவுக்குப் பதில் என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

அன்றைக்கு வெள்ளகவி எல்லைக்குத் திரும்பி வந்துதான் ஷூவை மாட்டினேன். பாதம் எரிந்தது. கேட்டதற்காகக் கழற்றியதை அப்படியே திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்புவது, அந்த இரண்டு நாளில் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் நடந்தது.

மதுரை வந்ததும் முதல் வேலையாகச் சந்தா படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு தம்பியோடு உட்கார்ந்தேன். பெயர், விலாசம், அஞ்சல் குறியீட்டு எண் இருக்கட்டும். செல்போன் எண், புத்தகம் தவறினால் கூப்பிட உதவும். விருப்பம் இருந்தால் எழுதலாம் என்று மாற்றினோம். தொழில், கல்வி, திருமணமானவரா, பிறந்த தேதி நான்கையும் அடித்தோம். 'திருமணமானவரா' என்பதை எந்தப் புண்ணியவான் சேர்த்தான் என்று இருவருக்கும் நினைவில்லை. விளம்பரத்துறையிலிருந்து முனகல் வந்தது. வாசகர்களின் வயதும் தொழிலும் தெரிந்தால் விளம்பரம் கேட்கச் சௌகரியம் என்றார்கள். அது உண்மையும்கூட. காகித விலை ஏறியிருக்கிற நேரத்தில் அந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இல்லை. மறுநாள்தான் கையெழுத்துப் போட்டேன்.

கணினியில் ஏற்கெனவே இருந்தவற்றையும் அழிக்கச் சொன்னேன். பாஸ்வேர்டு மாறியிருக்கிறது, இனி இரண்டு பேருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. சந்தா முடிந்து ஒரு வருஷம் புதுப்பிக்காதவர்களின் விலாசமும் இனி நம்மிடம் இருக்காது. அவர்கள் மனம் மாறித் திரும்பி வந்தால் புதிதாக எழுதிக் கொடுக்கட்டும், சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம்.

அந்த வாசகிக்குத் தனியாகப் பதில் போட்டிருக்கிறேன். அம்மா, உங்கள் பழைய படிவங்களைத் தேடி எடுத்து, பிறந்த தேதி இருந்த இடத்தைக் கறுப்பு மையால் என் கையாலேயே அழித்தேன். அழிக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது. வருஷம் அப்போதே மறந்துவிட்டது. மாதம் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மன்னியுங்கள், அதையும் மறக்கப் பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்